தாக்குதலும் கோளும்: அந்தமான் நிக்கோபார் நிகழ்ச்சிகள் வழங்கும் சொற்சான்றுகள்

1. முன்னுரை

திடீரென நிகழ்ந்து எதிர்நிற்போரை நிலைகுலையச் செய்யும் செயலைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. படையெடுப்பு, முற்றுகை, பாய்ச்சல், சூறை, கொள்ளை, தாக்குதல் என்பன அவற்றுட் சில. இன்றைய செய்தித்தமிழிலும் மொழிபெயர்ப்பிலும் இவற்றின் இடத்தைப் பெரும்பாலும் ‘தாக்குதல்’ என்னும் ஒரு சொல்லே நிரப்பி வருகிறது. ஆங்கிலத்தின் அட்டாக், ரெய்ட், ஆன்ஸ்லாட், பிளிட்ஸ் ஆகிய நான்குக்கும் அதுவே நிகரனாக வைக்கப்படுகிறது. இதனால் இழக்கப்படும் பொருள்வேறுபாடு யாது என்பதை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளோடு தொடர்புடைய மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொற்களின் அடிப்படைப் பொருள்

‘தாக்கு’ என்னும் வினையின் அடிப்படைப் பொருள் மோதுதல் என்பதாகும். மோதியது அங்கேயே தங்கியதா, விலகியதா என்பதை அச்சொல் உணர்த்துவதில்லை. யாருடைய நிலத்தில் யார் வந்து மோதினர் என்பதையும் அது கூறுவதில்லை. ஏனைய சொற்கள் இத்தகையன அல்ல. ‘முற்றுகை’ சூழ்ந்து நிற்றலையும், ‘பாய்ச்சல்’ விரைவையும், ‘படையெடுப்பு’ படையின் புறப்பாட்டையும் முதன்மைப்படுத்துகின்றன. ‘சூறை’ என்பது சுழல்காற்றையும் கவர்ந்து செல்லுதலையும் ஒருங்கே குறிக்கும்.

‘கொள்’ என்னும் அடி இங்குத் தனித்து நோக்கத்தக்கது. கொள்ளை, கோள், கடல்கோள் ஆகியன இதிலிருந்து பிறந்தவை. பிறர்பொருளைத் தனதாக்குதல் என்னும் கருத்து இவற்றில் அமைந்துள்ளது. உயிர்களை வாரிச் செல்லும் நோய் ‘கொள்ளைநோய்’ எனப்பட்டது. ‘கொள்ளையழகு’, ‘கொள்ளையாசை’ என்னும் வழக்குகளிலோ வன்முறைப் பொருள் முற்றிலும் மறைந்து, மிகுதிப்பொருள் மட்டுமே எஞ்சியுள்ளது. ஆங்கிலம் ‘ஹார்ட் அட்டாக்’ எனத் தாக்குதலாகக் காணும் நோயைத் தமிழ் ‘மாரடைப்பு’ என அடைப்பாகக் காண்பதும் ஒப்பிடத்தக்கது. ஒரு மொழி போர்ச்சொல்லால் உருவகிக்கும் இடத்தில் மற்றொரு மொழியும் அவ்வாறே செய்யும் என்பதற்கு உறுதியில்லை.

3. நக்கவாரம்: வென்றவன் கூற்று

முதலாம் இராசேந்திர சோழனின் கடல்கடந்த படையெடுப்பு 1025ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்தது. அவனது மெய்க்கீர்த்தி பட்டியலிடும் இடங்களுள் மாநக்கவாரமும் ஒன்று. இதனை நிக்கோபார்த் தீவுகளாக வரலாற்றாசிரியர் இனங்காண்பர். மெய்க்கீர்த்தி இவ்விடங்கள் அனைத்தையும் ‘கொண்ட’ என்னும் ஒரு பெயரெச்சத்தில் முடிக்கிறது. ஆயினும் அப்பகுதிகளில் நிலையான சோழர் ஆட்சி ஏற்பட்டதற்குப் போதிய சான்று இல்லை. எனவே ‘கொண்ட’ என்பதை ‘வென்று ஆண்ட’ என விரித்து மொழிபெயர்ப்பது பொருந்தாது. வென்றவன் தன் செயலுக்கு இட்ட பெயராகவே அதனைக் கொள்ளவேண்டும்.

4. அபர்தீன்: பெயரிட்டோர் யார்?

ஆங்கிலேயர் 1858 மார்ச்சில் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தண்டனைக் குடியிருப்பை நிறுவிக் காடழிக்கத் தொடங்கினர். அந்நிலம் பெரிய அந்தமானியரின் வேட்டைக்களமாக இருந்தது. 1859 மே மாதத்தில் அம்மக்கள் அபர்தீன் பகுதியில் வில்லம்புகளுடன் குடியேற்றத்தின்மீது திரண்டு வந்தனர். அவர்களிடையே வாழ்ந்திருந்த தப்பிய கைதி தூத்நாத் திவாரி முன்னரே வந்து எச்சரித்துவிட்டதால் ஆங்கிலேயர் ஆயத்தமாக இருந்தனர். அந்தமானியர் பெரும் இழப்புக்குள்ளாயினர்.

இந்நிகழ்ச்சியைத் தமிழில் ‘பழங்குடியினரின் திடீர்த் தாக்குதல்’ என எழுதுவோர் இரு பிழைகள் செய்கின்றனர். முன்னெச்சரிக்கை கிடைத்துவிட்டமையால், குடியேற்றத்தாருக்கு அது திடீர் நிகழ்வன்று. அதனினும் முக்கியமானது, முதலில் வந்து நிலத்தைக் கவர்ந்தவர் யார் என்னும் வினா மறைந்துவிடுவதாகும். புறப்பொருள் வெண்பாமாலை நிரை கவர்தலை வெட்சி எனவும் மீட்டலைக் கரந்தை எனவும், மதிலை முற்றுதலை உழிஞை எனவும் காத்தலை நொச்சி எனவும் பிரிக்கிறது. ஒரே மோதலில் இரு தரப்புக்கும் இரு பெயர் வேண்டும் என்பதைத் தமிழ் மரபு உணர்ந்திருந்தது. அவ்வகையில் அபர்தீனில் நிகழ்ந்தது கரந்தையின் தன்மையுடையது. ‘மீட்புப் போர்’ அல்லது ‘எதிர்ப்போர்’ என்பதே ஏற்புடைய வழக்காகும்.

5. 2004: அலையும் கோளும்

2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த பேரழிவுக்குப்பின் சுனாமி, ஆழிப்பேரலை, கடல்கோள் என மூன்று சொற்கள் தமிழில் ஒருங்கே வழங்கின. இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கருதுவோர் உளர். அக்கருத்து மறுபரிசீலனைக்குரியது. சப்பானிய மொழியில் ‘சுனாமி’ என்பதன் நேர்ப்பொருள் துறைமுக அலை. அதில் தாக்குதற்பொருள் இல்லை. ஆழிப்பேரலை அலையைக் குறிக்கிறது. கடல்கோள் அலையை அன்று, அதன் விளைவைக் குறிக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுவது இப்பொருளிலேயே.

சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் அலை வந்து மோதி மீண்டது. அங்கு ‘சுனாமி தாக்கியது’ என்னும் தொடர் பொருந்தும். நிக்கோபாரில் நிலைமை வேறு. பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. கலங்கரைவிளக்கின் அடிப்பகுதி நீருள் நின்றது. டிரிங்கெட் தீவு துண்டுபட்டது. தொடக்கக் காலப் பதிவுகளில் இறந்தோரினும் காணாமற்போனோர் தொகையே மிகுதியாக இருந்தது. நிலத்தையும் உடல்களையும் கடல் திருப்பித் தரவில்லை. இதனைத் தாக்குதல் என்பது குறைபடக் கூறலாகும். கடல் கொண்டது என்பதே உண்மைநிலை. இராசேந்திரன் மெய்க்கீர்த்தியில் உயர்வுநவிற்சியாக நின்ற வினை, இங்கு அடிப்படைப் பொருளில் அமைகிறது.

6. உருவகப் பயன்பாடு

2004க்குப்பின் ‘சுனாமி’ விரைவில் உருவகமாயிற்று. தேர்தல் வெற்றியும் பங்குச்சந்தை வீழ்ச்சியும் சுனாமி எனப்பட்டன. மிகுதிப்பொருள் உணர்த்த இவ்வுருவகம் இன்றியமையாததன்று. ‘அனுதாப அலை’ 1980களிலேயே அரசியல் தமிழில் இடம்பெற்றிருந்தது. வாழ்த்து மழை, கேள்விக்கணை, மக்கள் வெள்ளம் ஆகியனவும் வழக்கில் உள்ளன. ‘விளம்பர பிளிட்ஸ்’ என்பதை ‘விளம்பர மின்னல் தாக்குதல்’ எனப் பெயர்ப்பதினும் ‘விளம்பர மழை’ எனல் இயல்பானது.

கொள்ளை என்னும் சொல் பல தலைமுறை வழக்கிற்குப்பின் அழகுக்கும் ஆசைக்கும் அடையாயிற்று. சுனாமிக்கு அத்தகைய கால இடைவெளி இன்னும் வாய்க்கவில்லை. உற்றாரை இழந்த தீவுத் தமிழரும் நிக்கோபாரியரும் வாழ்கின்ற காலத்தில் அதனை வெற்றியின் அடைமொழியாக்குவது வாசகருள் ஒரு பகுதியினரைப் புறந்தள்ளுவதாகும்.

7. முடிவுரை

‘தாக்குதல்’ விலக்கத்தக்க சொல்லன்று. வந்து மோதியதை மட்டும் சுட்டுமிடத்து அது செவ்விய சொல். எனினும், மொழிபெயர்ப்பாளர் அதனைத் தேர்ந்தெடுக்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம்: அந்நிலம் யாருடையது? வந்தது மீண்டதா, தங்கியதா? பெயரிட்டவர் எத்தரப்பினர்? இவ்வினாக்களுக்கு விடையாகும் சொற்கள் தமிழில் முன்னரே உள்ளன. அகராதிகளும் இவற்றை வெறும் ஒருபொருட் சொற்களாக அடுக்காமல், வேறுபாடு தோன்றப் பொருள் வரையறுத்தல் வேண்டும்.