கற்றலும் திட்டமிடலும்: கோ ஆட்ட நிரல்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

செயற்கை நுண்ணறிவுத் துறையில், செயலின் விளைவாகக் கிட்டும் வெகுமதியைக் கொண்டு செம்மையுறுவது வலுவூட்டல் கற்றல். சூழலின் மாதிரியைக் கொண்டு விளைவுகளை முன்கூட்டி ஆராய்வது திட்டமிடல். ரிச்சர்ட் சட்டன் 1990-இல் முன்வைத்த டைனா கட்டமைப்பு இவ்விரண்டையும் ஒருங்கிணைத்தது. இவ்விணைப்பில் திட்டமிடல், கற்றலின் பிழையைத் திருத்துகிறதா என்பதைக் கோ ஆட்ட நிரல்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

இணைப்பின் ஆற்றல்

2016 மார்ச்சில் சியோலில் ஆல்பாகோ, லீ செடோலை 4-1 என வென்றது. 2017-இல் வெளிவந்த ஆல்பாகோ ஜீரோ, மனிதர் ஆடிய ஆட்டங்களைப் பயிலாமல் தன்னோடு தானே ஆடிக் கற்று, அப்பதிப்பை 100-0 என வீழ்த்தியது. இதில் நரம்பியல் வலைப்பின்னல் நகர்வுகளைப் பரிந்துரைக்கிறது. மாண்டி கார்லோ மரத் தேடல் அவற்றை ஆராய்ந்து மேம்படுத்துகிறது. மேம்பட்ட தெரிவே வலைப்பின்னலுக்கு அடுத்த பாடமாகிறது. தேடல் ஆசிரியர் எனில், வலைப்பின்னல் மாணவர். ஆயினும் எந்தக் கிளையை ஆராய்வது, அதன் முடிவை எவ்வாறு மதிப்பிடுவது என்பவற்றை ஆசிரியருக்குச் சொல்பவரும் அம்மாணவரே.

இணைப்பின் வரம்பு

இவ்வட்டத்தின் விளைவை, இதே நெறியில் பயிற்றப்பட்ட கட்டாகோ நிரல் காட்டுகிறது. அதனை வீழ்த்துவதற்கென்றே பயிற்றப்பட்ட எதிர்நிரல் ஒன்று 97 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட ஆட்டங்களில் வென்றதை 2023-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. அவ்வெதிர்நிரலோ பயில்நிலை மனித ஆட்டக்காரரிடமே தோற்கக்கூடியது. வளைய வடிவில் அமைந்த தன் காய்க்கூட்டம் சூழப்படுவதைக் கட்டாகோ உணரவில்லை. தேடலின் அளவைப் பன்மடங்கு கூட்டியபோதும் இக்குறை முற்றாக நீங்கவில்லை.

கோ ஆட்டத்தின் விதிகள் நிரலுக்குப் பிழையின்றித் தரப்பட்டவை. எனவே இத்தோல்விக்கு மாதிரியைக் காரணமாக்க இயலாது. கற்ற மதிப்பீட்டின் குறையே தேடலையும் தவறான கிளைகளில் செலுத்தியது எனக் கொள்வதே பொருந்தும்.

முடிவுரை

தேடல் பல பிழைகளைக் களைகிறது என்பதில் ஐயமில்லை. எனினும், தான் சார்ந்திருக்கும் மதிப்பீடு முறையாகத் தவறும் இடத்தில் அது சுதந்திரமான சான்றாகாது. 2020-இல் வெளியான மியூஜீரோ, விதிகளைப் பெறாமல் மாதிரியையும் தானே கற்கிறது; அம்மாதிரியும் வெகுமதி, மதிப்பு, நகர்வுத் தெரிவு ஆகியவற்றை முன்கணிப்பதற்கென்றே பயிற்றப்படுகிறது. பிழையற்ற மாதிரி இருந்தும் நேர்ந்த குறை, மாதிரியும் கற்கப்படும் இடத்தில் இரட்டிப்பு எச்சரிக்கையை வேண்டுகிறது. ஆகவே இத்தகு நிரல்களைச் சராசரி வெற்றியால் மட்டும் அளவிடாமல், அவற்றை வீழ்த்த முயலும் எதிரியைக் கொண்டும் அளவிடுதல் இன்றியமையாதது.