ஸெக்காவின் இயேசுவை அரங்கத்துக் கண்ணால் பார்ப்பது

1905-இல் திருச்சியில் நடந்த ஒரு கைமாற்றத்தைச் சொல்லாமல் தமிழ்நாட்டு சினிமா வரலாற்றை யாரும் தொடங்குவதில்லை. ஊர் ஊராகப் படம் காட்டி வந்த டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போய், தாய்நாடு திரும்ப முடிவெடுத்தார். தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், கோயம்புத்தூர்க்காரர், 22 வயது, இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் புரட்டி அவருடைய புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு கூடாரத்தோடு கிளம்பிவிட்டார். கூடாரம் எங்கெல்லாம் போனது, 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் எப்படி எழுந்தது என்பதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுருள்களில் ஓடியது எப்படிப்பட்ட படம், அதை எப்படிப் பார்ப்பது என்ற பேச்சுதான் வருவதில்லை. அவற்றுள் பேர்போனது இயேசுவின் வாழ்க்கைப் படம். அந்தக் கதையைப் பிரெஞ்சுக்காரர்கள் பல தடவை எடுத்தார்கள்: 1898-இல் லூமியேர் நிறுவனம், 1902 முதல் 1905 வரை பாதே நிறுவனம், 1906-இல் கோமோன் நிறுவனத்துக்காக ஆலிஸ் கி. உலகத்தை அதிகம் சுற்றியதும், இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்தே பார்க்கக் கிடைப்பதும் பாதே படம். ஃபெர்தினான் ஸெக்கா, லூசியன் நோங்கேயோடு சேர்ந்து எடுத்தது. சுமார் முக்கால் மணி நேரம். இனிச் சொல்வதெல்லாம் அந்தப் படத்தை வைத்துத்தான்.

இன்றைய பார்வையாளர் இதைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுவார். காரணம் நியாயமானதே. கேமரா நாடகக் கொட்டகையின் முன்வரிசையில் உட்கார்ந்தது போல ஒரே இடத்தில் இருக்கிறது. தலை முதல் கால் வரை முழு உருவமாக இருபது முப்பது பேர் நிற்கிறார்கள். எவர் முகமும் கட்டைவிரல் நகத்தளவுகூட இல்லை. பின்னால் இருப்பது வரைந்த திரைச்சீலை என்று குழந்தைக்கும் தெரியும். கதை ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. இடையில் என்ன ஆனது என்று படம் சொல்வதில்லை. இவை எல்லாமே உண்மை. ஆனால் இவற்றைக் குறைகளாக எண்ணுவது, படத்தொகுப்பாளர் நமக்காக வெட்டி வெட்டித் தந்ததையே பார்த்துப் பழகிய கண்ணின் தீர்ப்பு. ஸெக்கா படத்தில் வெட்டும் வேலை பார்ப்பவரின் கண்ணுக்கு விடப்பட்டிருக்கிறது. எங்கே தொடங்குவது, எதில் நிற்பது, எப்போது விலகுவது என்பதைக் கண்ணே முடிவு செய்ய வேண்டும். அந்தப் பழக்கம் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் புதிதல்ல என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

உறையூர்க்காரரான திருப்பாணாழ்வார் பாடிய அமலனாதிபிரானை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தே பாசுரம். எதிரே கிடப்பதோ அரங்கனின் அசையாத திருமேனி. பாதத்தில் தொடங்கி, ஆடை, உந்தி, உதரபந்தம், மார்பு, கழுத்து, வாய், கண் என்று பார்வை மேலே ஏறுகிறது. பிறகு முழு மேனியையும் ஒருசேரப் பார்க்கிறது. பக்தி இலக்கியமாகத்தான் நாம் இதை வாசிக்கிறோம். அசையாத ஒன்றை ஓர் ஒழுங்கில் பார்ப்பதற்கான பாடமாகவும் அது இருக்கிறது: ஒவ்வொரு உறுப்பிலும் கண் நின்று, நிறைந்து, பிறகே நகர்கிறது. மார்கழித் திருநாளில் ஸ்ரீரங்கத்து அர்ச்சுன மண்டபத்தில் உற்சவர் நம்பெருமாளைச் சேவிக்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ‘இன்னிக்கு என்ன சாத்துப்படி?’ என்று கேட்டுக்கொண்டே வந்து, திருவடியிலிருந்து கொண்டை வரை எது நேற்றிலிருந்து மாறியிருக்கிறது என்று தேடும் கண் அது. எதிரில் இருப்பவர் அசைவதில்லை, பார்ப்பவருக்கோ சலிப்பதில்லை.

இதே ஒழுங்கோடு ஸெக்காவின் பெத்லகேம் காட்சிக்குப் போய்ப் பாருங்கள். தொழுவத்தில் மரியாளும் யோசேப்பும் மண்டியிட்டு ஜெபிக்கிறார்கள். தீவனத் தொட்டி காலி. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நடப்பதைக் கோட்டை விடுவீர்கள். கண்ணைத் தொட்டியில் வைத்திருந்தால், ஒரு நொடிக்கு முன் இல்லாத குழந்தை அங்கே இருக்கிறது. கேமராவை நிறுத்தி, பொம்மையையோ குழந்தையையோ வைத்து, மறுபடி ஓடவிடும் தந்திரம்தான். அதே காலத்துப் பிரெஞ்சு இயக்குநர் மெலியஸ் மந்திரவாதப் படங்களில் புகைக்கும் ஆரவாரத்துக்கும் நடுவே செய்ததை ஸெக்கா இங்கே சத்தமில்லாமல் செய்கிறார். பிரசவத்தைக் காட்டாமல் பிறப்பைக் காட்ட வேண்டிய இக்கட்டுக்கு இதைவிட நாசூக்கான வழி எனக்குத் தெரிந்து இல்லை. இன்றைய இயக்குநர் தொட்டியை அருகில் காட்டியிருப்பார். அப்போது, இங்கே ஏதோ நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னதாகிவிடும். ஸெக்கா சொல்வதில்லை. தேடிப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மட்டுமே அந்த அதிசயம்.

அருகில் காட்டத் தெரியாததால் காட்டவில்லை, தெரியாமையைக் கலை என்று தூக்கிப் பிடிக்கலாமா என்று ஒருவர் கேட்கலாம். ஆரம்ப காலப் படங்களைப் பற்றிய வலுவான ஆட்சேபம் இதுதான். பல படங்களுக்குப் பொருந்தவும் செய்யும். ஸெக்காவுக்குப் பொருந்தாது. 1864-இல் பாரிஸில் பிறந்து, நாடகச் சூழலில் வளர்ந்து, இசைவிடுதி மேடைகளில் நடித்து, பாதே நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளுக்குக் குரல் கொடுத்து, அங்கிருந்து படம் எடுக்க வந்தவர் அவர். 1901-இல் அவர் எடுத்த ஒரு குறும்படத்தில் விடுதி வேலையாள் ஒருவன் அறை அறையாகச் சாவித்துவாரம் வழியே எட்டிப் பார்க்கிறான். உடனே அவன் பார்ப்பது சாவித்துவார வடிவிலேயே திரையில் வருகிறது. அதே ஆண்டின் இன்னொரு படத்தில் மாடியிலிருந்து தொலைநோக்கியில் பார்ப்பவனும், அவன் பார்ப்பதும் மாறி மாறி வருகின்றன. ஆக, வெட்டவும் தெரியும், நெருங்கவும் தெரியும். அதே 1901-இல் வந்த ‘ஒரு குற்றத்தின் கதை’யில் கில்லட்டினுக்குக் காத்திருக்கும் கைதி சிறையில் தூங்க, அவன் பழைய வாழ்க்கை தலைக்கு மேலே சுவரில் திறந்த ஒரு சிறு மேடையில் நடக்கிறது. இத்தனை வித்தை கையில் இருந்தவர், இயேசு கதைக்கு வந்ததும் அடக்கி வாசிக்கிறார் என்றால் அது தெரிந்தெடுத்த வழி. குறும்புப் படத்துக்கு எட்டிப் பார்க்கும் கண், புனிதக் கதைக்கு எதிரில் நின்று பார்க்கும் கண் என்று அவர் பிரித்து வைத்திருந்தார்.

அந்த முடிவை அவர் மீறும் இடத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சிலுவை சுமந்து போகும் வழியில் இயேசுவின் முகத்தைத் துடைத்த வெரோனிக்கா, முகம் பதிந்த துணியை விரித்து நமக்குக் காட்டும்போது கேமரா அவளுக்கு அருகில் வந்துவிடுகிறது. சுவிசேஷத்தில் வெரோனிக்கா கிடையாது. அவள் இருப்பது சிலுவைப்பாதையில், ஆறாம் நிலையில். தெப்பக்குளத்தருகே லூர்து அன்னை ஆலயத்தில் தவக்கால வெள்ளிதோறும் பதினான்கு நிலைகளிலும் நின்று ஜெபிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாஸ்கா நாடகம் பார்த்தவர்களுக்கும் அப்படியே. ஸெக்கா எடுத்துக்கொண்டது வாசித்த கதையை அல்ல, ஜனங்கள் நிலை நிலையாக நின்று பார்த்துப் பழகிய கதையை. காட்சிகள் தாவுவதற்கும் இதுவே காரணம். நான்காம் நிலைக்கும் ஐந்தாம் நிலைக்கும் நடுவே என்ன ஆயிற்று என்று கோயிலில் யாரும் கேட்பதில்லை. வியாபாரமும் இதற்கு ஒத்துப்போனது: பாதே நிறுவனம் காட்சிகளைத் தனித்தனியாகவும் விற்றது, படம் காட்டுகிறவர் வேண்டியதை வாங்கிக் கோத்துக்கொள்ளலாம். எனவே முக்கால் மணி நேரத்தையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு நாளைக்கு நான்கைந்து காட்சிகள் போதும், ஒவ்வொன்றையும் இரண்டு முறை.

முதல் முறை பார்க்கும்போது பின்னால் சேர்த்த இசையை அணைத்துவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் பெரும்பாலும் யாரோ ஏற்றிவைத்த ஆர்கன் இசை அழுதுகொண்டே இருக்கும். அதற்குப் பதில் கதை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மௌனப் படம் மௌனமாகப் பார்க்கப்பட்டது என்பது பிழையான எண்ணம். நம் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று உரக்கக் கதை சொல்ல ஒருவர் இருந்தார். அரையர் சேவையில் பாடுவதும் அபிநயம் பிடிப்பதும் வியாக்கியானம் சொல்வதும் தனித்தனி அடுக்குகளாக வருவதைப் பார்த்தவர்கள், காட்சி ஓரிடமும் விளக்கம் ஓரிடமுமாக இருப்பதை இடைஞ்சலாக நினைக்க மாட்டார்கள். அந்தச் சேவையில் இரணியன் கொல்லப்படுவான் என்று தெரிந்தே சேவிக்கிறார்கள்; கம்பன் தன் காவியத்தை அரங்கேற்றியதாகச் சொல்லும் மண்டபம் தாயார் சந்நிதி எதிரில் இருக்கும் ஊரில், முடிவு தெரிந்த கதை ருசிக்காது என்று வாதிடுவது கடினம். இரண்டாம் முறை நிறத்துக்காகப் பாருங்கள். அந்தக் காலப் பிரதிகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு வெட்டி, பிலிமில் துணுக்குத் துணுக்காகச் சாயம் ஏற்றினார்கள். பாதே பட்டறையில் பெண்கள் செய்த வேலை அது. கூட்டத்தில் யாருடைய ஆடைக்கு நிறம் இருக்கிறது, யார் சாம்பலாகவே விடப்பட்டிருக்கிறார்கள் என்று கவனித்தால், அருகுக்காட்சி இல்லாத குறையைச் சாயம் எப்படி நிரப்புகிறது என்று தெரியும். ஆகவே கறுப்பு வெள்ளைப் பிரதியைத் தவிர்த்துவிடுங்கள். 1907-இல் பாதே மறுபடி எடுத்த படமும் இதே பெயரில் கலந்து கிடக்கிறது. பெட்டி மாறிவிடாமல் ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பக்தி, கலை அல்ல என்று சொல்பவர்கள் உண்டு. இந்தப் படத்தை வத்திக்கானே 1995-இல் சினிமாவின் நூற்றாண்டையொட்டி வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில் சமயப் பிரிவில்தான் வைத்தது என்றும் காட்டலாம். ஆனால் நம்பிக்கை இல்லாவிட்டால் இந்தப் பார்வை வேலை செய்யாது என்பதற்கு வரலாறு எதிர்சாட்சி. பம்பாயில் இயேசுவின் வாழ்க்கைப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த தாதாசாகேப் பால்கே, தன் மனக்கண்ணில் கிருஷ்ணனையும் ராமனையும் கண்டதாகப் பின்னாளில் எழுதினார். 1913-இல் அவருடைய ராஜா ஹரிச்சந்திரா படம் வந்தது. சாமிக்கண்ணுவின் கூடாரத்தில் காசு கொடுத்து உட்கார்ந்தவர்களும் எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அல்லர். அவர்களுக்குத் தேவைப்பட்டது விசுவாசம் அல்ல, பார்க்கும் பழக்கம். ஏ.பி. நாகராஜனின் திருவிளையாடலில் (1965) தெய்வங்கள் நமக்கு முகம் கொடுத்து வரிசையில் நிற்பதை ‘நாடகத்தனம்’ என்று விமர்சகர்கள் சலித்துக்கொண்டபோதும் ஜனங்கள் சலிக்காததற்கும் அந்தப் பழக்கம்தான் காரணம் என்பேன்.

கடைசியாக ஒரு மறுப்பு, இது ஸெக்காவைப் பற்றியே. அவர் காப்பியடிப்பவர், தொழிற்சாலை ஆள், அவரை இயக்குநர் என்று கொண்டாடுவது மிகை என்பார்கள். மற்றவர்களின் படங்களைப் பார்த்து எடுத்தார் என்பது மெய். ‘ஒரு குற்றத்தின் கதை’யே பாரிஸ் மெழுகுப் பொம்மைக் காட்சியகம் ஒன்றின் காட்சி வரிசையைப் பார்த்துச் செய்தது. பாதே நிறுவனத்தில் படத் தயாரிப்பையே மேற்பார்த்து, பிற்காலத்தில் வீட்டில் ஓட்டும் பாதே-பேபி சிறு பிலிம் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்து, 1947-இல் காலமானார். இயேசு படத்திலும் நோங்கேயின் கை எது, ஸெக்காவின் கை எது என்று பிரிப்பது வீண் வேலை. மெலியஸின் கையெழுத்தை ஒவ்வொரு படத்திலும் தேடுவது போல இங்கே தேடினால் ஏமாற்றம்தான். ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் பாயும் குதிரைத் தூண்களை யார் செதுக்கினார் என்று தெரிந்துகொண்டா ரசிக்கிறோம்? குதிரையின் முன்னங்கால், கீழே புலி, வீரனின் ஈட்டி என்று கண் ஒவ்வொன்றாகப் போகிறது. ஸெக்காவிடமும் அப்படியே போகலாம். ஆனால் சாவித்துவாரப் படத்துக்கு மட்டும் இந்த நிதானம் வேண்டாம், அது ஒரே ஓட்டத்தில் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிற படம்.