சாபச் சங்கீதங்களும் வாதியின் குரலும்

ஆராதனைக்குரிய சங்கீதத்தைத் தெரிந்தெடுக்கும் வேளையில், ஆயராகிய நம்மிற் பலருடைய விரல் சில பக்கங்களைத் தாண்டிச் செல்வது வழக்கம். 137ஆம் சங்கீதத்தைப் பாபிலோனின் ஆற்றங்கரையில் தொடங்கி ஆறாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். 139ஆம் சங்கீதத்தில் 18ஆம் வசனத்திலிருந்து 23க்குத் தாவுகிறோம். 58, 83, 109 ஆகியவற்றைத் தொடுவதேயில்லை. இதில் நாம் தனித்தவரல்லேம். ஜான் உவெஸ்லி 1784இல் வட அமெரிக்க மெதடிஸ்தருக்கென ஆராதனை நூலைச் சுருக்கியபோது, கிறிஸ்தவ சபையாரின் வாய்க்கு ஏற்றவையல்ல எனக் கருதிப் பல சங்கீதங்களை விலக்கினார். உரோமைத் திருச்சபை தன் நாள்முறைச் செபநூலைத் திருத்தி 1971இல் வெளியிட்டபோது, மேற்கூறிய மூன்று சங்கீதங்களையும் முற்றிலும் நீக்கிற்று.

பகைவரை நேசிக்குமாறு கட்டளை பெற்ற சபை பகைமொழியை நாவில் ஏற்கலாகாது என்பதே இவ்விலக்கலுக்குக் காரணம். காரணம் உயர்ந்ததே. ஆயினும் இவ்வாறு நீக்கியதால் சபையிலிருந்து பகை நீங்கிற்றா, அல்லது முறையீடு நீங்கிற்றா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. இவ்வினாவைக் கொண்டு, இச்சங்கீதங்களைத் தாண்டிச் செல்லாது எதிர்கொண்ட இருவரின் விளக்கத்தை ஆராய்வோம். ஒருவர் சி. எஸ். லூயிஸ்; மற்றவர் தீத்ரிக் போன்ஹோபர்.

லூயிஸ் 1958இல் எழுதிய சங்கீதச் சிந்தனை நூலின் மூன்றாம் அதிகாரம் சாபங்களைப் பற்றியது. அவருடைய நேர்மை பாராட்டத்தக்கது. பகையை அவர் பகையென்றே அழைக்கிறார். பக்திப் பூச்சால் மறைப்பதில்லை. ஒருவனுக்குத் தீங்கிழைப்பவன் அவன் பொருளை மட்டுமன்று, அவன் அன்பையும் கொள்ளையிடுகிறான். பகைக்கும் சோதனைக்குள் அவனைத் தள்ளுகிறான் என்று காட்டுகிறார். தீமையைக் கண்டும் சினமே எழாத உள்ளம் தூய உள்ளமாக இராமல் மரத்துப்போன உள்ளமாகவும் இருக்கலாம் என்னும் எச்சரிக்கை, குருமார் யாவரும் மனத்திற் கொள்ளவேண்டியது. இவையெல்லாம் சரியே. ஆனால் நூலின் இரண்டாம் அதிகாரத்தில் இதே ஆசிரியர் வேறொன்றைக் கண்டிருந்தார். கிறிஸ்தவன் கடவுளின் நியாயத்தீர்ப்பை நினைக்கும்போது தன்னைக் கூண்டிலேறிய குற்றவாளியாகக் காண்கிறான். சங்கீதக்காரனோ உரிமை இழந்து வழக்காட வந்த வாதியாகத் தன்னைக் காண்கிறான். ஆதலின் நியாயத்தீர்ப்பு அவனுக்கு அச்சமன்று, மகிழ்ச்சி. லூக்கா 18இல் வரும் விதவையும் இத்தகைய வாதியே என்கிறார். இவ்வளவு தெளிவாகக் கண்டவர், அடுத்த அதிகாரத்தில் சாபங்களுக்கு வந்ததும் நீதிமன்றத்தை மறந்து உள்ளத்தின் நோயை மட்டும் ஆராயத் தொடங்குகிறார். வாதி நோயாளியாகிவிடுகிறான். இதுவே அவர் விளக்கத்தின் பெருங்குறை.

அம்மன்றத்தை மறவாமல் 109ஆம் சங்கீதத்தை வாசிப்போமாயின், கொடுமையான வசனங்கள் வேறு வகையில் ஒலிக்கும். ஆறாம் வசனத்தில் குற்றஞ்சாட்டுகிறவன் ஒருவன் எதிரியின் வலப்பக்கத்தில் நிற்கவேண்டுமென்று விண்ணப்பம் எழுகிறது. ஏழாம் வசனத்தில் தீர்ப்பு. இறுதி வசனத்தில் எளியவனுடைய வலப்பக்கத்தில் நிற்பவர் ஆண்டவரே. சங்கீதம் முழுவதும் இவ்விரு வலப்பக்கங்களுக்கிடையே நடைபெறும் வழக்காகும். இங்கே ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலையும் குறிப்பிடவேண்டும். முதல் ஐந்து வசனங்களில் எதிரிகள் பலர். ஆறு முதல் பத்தொன்பது வரை ஒருவனே. ஆகவே இச்சாபங்கள் எதிரிகள் சங்கீதக்காரனுக்கு விரோதமாகச் சொன்னவை என்பது அறிஞர் சிலர் கருத்து. 1989இல் வெளிவந்த திருத்தப்பட்ட புதிய ஆங்கிலத் திருமறை ஒன்று, மூலத்தில் இல்லாத சொற்களை ஆறாம் வசனத்தின் தொடக்கத்திற் சேர்த்து இக்கருத்தை ஏற்றது. நமக்கு இது உடன்பாடன்று. 16ஆம் வசனத்தில் துன்புறுத்தப்பட்டவனைக் குறிக்கும் ‘ஆனி’, ‘எவியோன்’ என்னும் எபிரேயச் சொற்கள் இரண்டும் 22ஆம் வசனத்தில் சங்கீதக்காரன் தன்னைக் குறிக்கும் சொற்களாகவே மீண்டும் வருகின்றன. சபிப்பவன் துன்புற்றவனே. மேலும் 20ஆம் வசனத்தில் இவையாவும் தன் எதிரிகளுக்குப் பலனாகட்டும் என்று அவனே வேண்டுகிறான். சங்கடத்தைத் தவிர்க்கும் இலக்கணம் நல்ல இலக்கணமாகாது.

தமிழருக்குச் சாபமொழி புதியதன்று. அறம் பாடிக் கொல்லும் புலவர் கதைகளை நாம் அறிவோம். கண்ணகியும் முதலில் அரசவைக்கு வாதியாகவே சென்றாள், வழக்கில் வென்றாள், தவறுணர்ந்த பாண்டியன் உயிரையும் விட்டான். அதன் பின்னரும் மதுரை எரிந்தது. தண்டனையையும் அவள் தன் கையிலேயே எடுத்துக்கொண்டாள். சங்கீதக்காரனிடமோ நெருப்பு இல்லை. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு நிற்கிறான். உரோமர் 12:19 கேட்பதும் இதுவே அன்றோ! இது பழைய ஏற்பாட்டோடு ஒழிந்த வழக்கமென்பாரும் உளர். வெளிப்படுத்தல் 6ஆம் அதிகாரத்தில் பலிபீடத்தின் கீழிருந்து நியாயந்தீர்க்கும்படி கூப்பிடும் இரத்தசாட்சிகளை அவர்கள் எங்கே வைப்பார்கள்?

போன்ஹோபர் 58ஆம் சங்கீதத்தின்மேல் அருளுரை ஆற்றிய நாள் 1937 ஜூலை 11. பத்து நாட்களுக்கு முன் நீமோலர் கைதாகியிருந்தார். அருளுரை நிகழ்ந்த பின்கன்வால்ட் இறையியற் பள்ளியை இரகசியக் காவற்படை அதே செப்டம்பரில் மூடிற்று. இத்தகைய நேரத்தில் எதிரிகளின் பற்களைத் தகர்க்க வேண்டும் சங்கீதத்தைத் தெரிந்துகொண்டவர், தம் மாணவர் அதைத் தம் சினத்திற்குப் படைக்கலமாக்க விடவில்லை. பாவிகளாகிய நாம் இதனை ஜெபிக்கத் தகுதியற்றோர், பாவமற்றவரே ஜெபிக்கக்கூடும், தாவீதுக்குள் ஜெபிப்பவர் கிறிஸ்துவே, வேண்டப்பட்ட தண்டனையோ சிலுவையில் அவர்மேலேயே விழுந்தது என்று விளக்கினார். எதிரியை நியாயந்தீர்க்க எழும் நம் கையைச் சிலுவையின் முன் தாழ்த்தும் இவ்விளக்கத்தை நாம் பலமுறை வகுப்பிற் கற்பித்ததுண்டு.

எனினும் இதிலும் ஒரு இடர் உண்டு. பாவமற்றவர் மட்டுமே ஜெபிக்கலாம் என்றால், துன்புற்றவனுடைய வாயிலிருந்து இச்சங்கீதம் பறிக்கப்படுகிறது. உவெஸ்லி நூலிலிருந்து எடுத்ததை இங்கே இறையியல் எடுத்துவிடுகிறது. 1938 நவம்பர் 9ஆம் நாள் இரவில் ஜெர்மனி எங்கும் யூதரின் ஜெபாலயங்கள் கொளுத்தப்பட்டன. போன்ஹோபர் தம் வேதாகமத்தில் 74ஆம் சங்கீதத்தின் எட்டாம் வசனத்தருகே அந்நாளைக் குறித்துவைத்தார். தேசத்திலுள்ள தேவாலயங்களைப் பகைவர் எரித்தனர் என்னும் வசனம் அது. கடவுள் எழுந்து தம் வழக்கைத் தாமே நடத்தவேண்டும் என்பது அச்சங்கீதத்தின் முடிவான வேண்டுதல். ஓரத்தில் எழுதிய அத்தேதி, 1937இன் அருளுரையைவிட ஓரடி முன்னே சென்றதென்பது நம் கருத்து. அங்கே ஜெபிக்கத் தகுதியுள்ளவர் யார் என்று அவர் கேட்கவில்லை. எரிந்தது யாருடைய ஆலயம் என்பதைக் கண்டார்.

இவ்விரு நூலாசிரியரைக் குறைகூறும் நாம் நம் தவற்றையும் மறைத்தல் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஊழியம் செய்த சிற்றூர்ச் சபையில் ஒரு விதவையின் நிலத்தை அவள் கணவனின் உறவினர் ஒருவர் கள்ளப் பத்திரத்தால் கைப்பற்றிக்கொண்டார். அவர் சபைக் கமிட்டியிலும் இருந்தார். ஞாயிறுதோறும் முன்வரிசையில் அமர்ந்தார். பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம் அவள் வீட்டிற்குச் சென்று, மத்தேயு 7:1ஐ எடுத்துரைத்து, மன்னித்து விடுமாறு வேண்டினோம். “மன்னிக்கச் சொல்லுகிறீர்கள், ஐயா. நடந்தது அநியாயம் என்று கோயிலில் ஒருவரும் இன்னும் சொல்லவில்லையே” என்றாள். நமக்கு விடை வரவில்லை. அதன் பின் நான்கு மாதம் அவள் ஆராதனைக்கு வரவில்லை. அவருக்கோ அந்த நான்கு மாதமும் நாமே நற்கருணை வழங்கினோம்.

பின்னர் ஒருநாள், வேறு சொல்ல ஒன்றும் அறியாதவராய், 109ஆம் சங்கீதத்தை அவள் வீட்டுத் திண்ணையிலமர்ந்து அவளோடு சேர்ந்து வாசித்தோம். அவளே உரக்க வாசித்தாள். எட்டாம் வசனம் வரை குரல் தளரவில்லை. எதிரியின் பிள்ளைகள் அலைந்து பிச்சையெடுக்கவேண்டும் என்னும் இடத்திற்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். “பிள்ளைகள் என்ன செய்தார்கள், ஐயா?” என்று கேட்டாள். அப்பகுதியை விட்டு 16ஆம் வசனத்திலிருந்து மீண்டும் தொடங்கினாள்.

மறு வாரக் கமிட்டிக் கூட்டத்தில் அந்தப் பத்திரத்தின் செய்தியை நாம் முதன்முறையாக எழுப்பினோம்.