உப்புக்காற்றுக்கு ஏற்ற வேலி

திருகோணமலை மாவட்டம் முழுவதையும் ஒரே விதமான வேலியால் அடைத்துவிடலாம் என்று நினைக்கும் வேலிக்காரருக்கு மண்ணும் தெரியாது, காற்றும் தெரியாது. நிலாவெளி, உப்புவெளிக் கரையில் உப்புக்காற்று முட்கம்பியின் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடுகிறது. கொங்கிறீட் தூணுக்குள்ளும் உப்பு இறங்கி, உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, தூணை நெடுக்காகப் பிளக்கிறது. அங்கே பூவரசங் கதியால்தான் தோது. உப்பைத் தாங்கும், நுனியைச் சரிவாகச் சீவி மாரியோடு நட்டால் வேர்விடும், கிடுகு கட்டவும் தாங்குதூண் ஆகும். உயிர்வேலி மெல்ல மெல்ல எல்லையை நகர்த்தும், ஆண்டுதோறும் வெட்டவேண்டும் என்பார்கள். மெய்தான். ஆனால் மூலைக்கொரு கல் நட்டால் எல்லைச் சண்டை இல்லை. வெட்டிய குழை ஆட்டுக்குத் தீன், வயலுக்குப் பசளை. கந்தளாய்ப் பக்கம் மட்டும் இந்த வாதம் எடுபடாது. யானைக்குக் கதியால் ஒரு பொருட்டா? அங்கே மின்வேலிதான்; அதுவும் கம்பியில் செடிகொடி படாமல் துப்புரவாக்கும் வரைக்கும்தான். வேலிக்காரரிடம் விலை கேட்குமுன், உங்கள் ஊரில் அவர் முன்பு அடைத்த வேலி ஒன்றைப் போய்ப் பார்த்துவிடுங்கள்.