பிசிறும் பளபளப்பும்: ஒரு டி-34 டாங்கியின் உள்ளே

மாடல் கட்டுகிறவர்களின் கை முதலில் பழகுவது வழவழப்புக்கு. பாகத்தைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்ததும் பிசிறை ராவி, இணைப்பில் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு துண்டு சேர்ந்த இடமே தெரியாமல் செய்துவிட்டால் வேலை சுத்தம் என்று பேர். காரோ விமானமோ கட்ட இது போதும். சோவியத் டி-34/85 டாங்கியை, அதுவும் 1/16 அளவில் உட்புறத்தோடு கட்ட உட்காருகிறவருக்கு இது போதாது. பல இடங்களில் இதுவே தப்பாகிவிடும். அந்த டாங்கியைச் செய்த ஆலை எங்கே உழைப்பைக் கொட்டியது, எங்கே ஒரு நிமிடம்கூடச் செலவழிக்க மறுத்தது என்பதுதான் அதன் முகம். ஒரு டி-34 மாடலின் முன் நின்றால் நான் முதலில் தேடுவது இந்தக் கணக்கைத்தான்.

1941இல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது கார்கிவ் ஆலையைப் பெயர்த்தெடுத்து ரயிலேற்றி, யூரல் மலைப்பகுதியிலுள்ள நிஷ்னி தகில் நகருக்குக் கொண்டுபோனார்கள். ரயில் பெட்டி செய்துகொண்டிருந்த அங்குள்ள ஆலையோடு சேர்ந்து அது 183ஆம் எண் டாங்கி ஆலையாயிற்று. தேர்ந்த தொழிலாளிகள் பலர் போர்முனையில்; பெண்களும் பதின்வயதுப் பிள்ளைகளும் இயந்திரங்களின் முன் நின்றார்கள். டாங்கி ஓட வேண்டும், சுட வேண்டும், குண்டைத் தாங்க வேண்டும். இந்த மூன்றுக்கும் உதவாத வேலையை விட்டுவிட்டார்கள். வார்ப்பில் பிதுங்கிய விளிம்பு அப்படியே நின்றது. வெட்டுச்சுடரால் அறுத்த தகட்டின் ஓரம் ராவாமல் போயிற்று.

மாடலின் அளவு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டாங்கி மாடல்களில் எங்கும் பரவியிருக்கும் 1/35 என்ற விகிதம், ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் தன் பாந்தர் டாங்கிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்கும்படி பார்த்துக்கொண்டதில் பிறந்தது. அந்த அளவில் வெளித்தோற்றம் அற்புதமாக வரும். உள்ளே எட்டிப் பார்த்தால் எல்லாம் நெல்மணி அளவு. 1/16இல் கதை வேறு. டி-34/85 பீரங்கிக் குழலோடு சேர்த்து ஏறத்தாழ 8.1 மீட்டர், மாடலில் அது 50 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. 45 மில்லிமீட்டர் கவசத் தகடு கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் கனத்தில் நிற்கிறது. மூடியைத் திறந்தால் அதன் விளிம்பில் கனம் தெரிகிறது. கீழே மனிதர்கள் உட்காரும் ஓர் அறை தெரிகிறது. சீனாவின் ட்ரம்பெட்டர் நிறுவனம் இந்த அளவில், உட்புறமும் என்ஜினும் சேர்த்து, டி-34ஐ வெளியிட்டிருக்கிறது. பெட்டியில் வருவது எலும்புக்கூடு. நரம்பும் தோலும் கட்டுகிறவர் சேர்ப்பது.

முதலில் வெல்டிங். டி-34 உடலில் இரண்டு வகை வெல்டிங் இருக்கிறது, இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தால் மாடல் பொய். கீவ் நகரிலிருந்த எவ்கெனி பாட்டனின் வெல்டிங் ஆய்வு நிலையமும் போரில் நிஷ்னி தகிலுக்கே இடம்பெயர்ந்தது. பொடிப்படலத்துக்கு அடியில் மின்பொறியை ஓடவிட்டுத் தகடுகளை இணைக்கும் தானியங்கி முறையை அவர் குழு அங்கே டாங்கி உடல்களில் புகுத்தியது. நீளமான நேர்கோட்டு இணைப்புகளை இயந்திரம் போட்டது: தட்டையாக, ஒரே அகலத்தில், அமைதியாக ஓடும் கோடு. மூலைகளும் வளைவுகளும் கைவேலை: அரைவட்ட அரைவட்டமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் இளைத்துப் போகும்.

இதை மாடலில் கொண்டுவருவதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். பாகங்கள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்தியின் மேலே காட்டி, இளகும்போது இரு முனையையும் பிடித்து இழுத்தால் நூல் கிடைக்கும். அந்த நூலைத் தகட்டின் இடுக்கில் படுக்கவைத்து, திரவப் பசையைத் தூரிகையால் தொட்டு விட்டால் சிறிது நேரத்தில் வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். தானியங்கி இணைப்பு என்றால் அதை விரல்நகத்தால் ஒருமுறை நீவிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். கைவேலை என்றால் மழுங்கிய கத்தி முனையால் அரை மில்லிமீட்டருக்கு ஒரு பிறை பதித்துக்கொண்டே போக வேண்டும். இங்கேதான் தேர்ச்சி தெரியும். எல்லாப் பிறையும் ஒரே இடைவெளியில் விழுந்துவிட்டால் அழகுவேலை ஆகிவிடும். அவசரத்தில் வேலை செய்யும் ஒரு வெல்டரின் கை எங்கே தயங்கும், கம்பி தீர்ந்து புதிய கம்பி மாட்டும் இடம் எங்கே வரும் என்று யோசித்துப் பதித்தவருடைய வேலையைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம்.

பீரங்கியைச் சுமந்து சுழலும் தலைப்பகுதியான டரட் வார்ப்பு எஃகு வேலை. மணல் அச்சில் எஃகை ஊற்றி எடுத்தது. அதன் மேற்பரப்பு கொத்தி நாளான அம்மியைப் போலிருக்கும். சில இடத்தில் குழி ஆழம், சில இடத்தில் தேய்ந்து மங்கல். அச்சின் பாதிகள் கூடிய இடத்தில் ஒரு தழும்பு நீளமாக ஓடும். கட்டியான பட்டியைத் திரவப் பசையில் கரைத்து, மயிர் விறைத்த பழைய தூரிகையால் குத்திக் குத்தி இந்தத் தோலைக் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலோர் வெளியே மட்டும் செய்துவிட்டு உள்ளே வழவழவென்று விட்டுவிடுவார்கள். உள்சுவரும் அதே வார்ப்புத்தான். அதன்மேல் நேராக வெள்ளைச் சாயம் அடித்தார்கள். அந்தச் சொரசொரப்பு உள்ளே தொடர்ந்தால்தான் வெள்ளைச் சுவரில் வெளிச்சம் சரியாக விழும்.

டரட் உடலின்மேல் உட்காரும் வளையத்தின் விட்டம் பழைய 76 மில்லிமீட்டர் பீரங்கி டாங்கியில் 1,420 மில்லிமீட்டர். 1944இல் வந்த 85இல் அதை 1,585 ஆக்கினார்கள். மாடலில் அந்தக் கூடுதல் ஒரு சென்டிமீட்டர். முன்பு டரட்டில் இரண்டு பேர். தளபதியே குறிபார்த்துச் சுடவும் வேண்டியிருந்தது. இப்போது மூன்றாமவருக்கு இடம் கிடைத்தது. இடப்புறம் முன்னால் சுடுபவர், அவர் முதுகுக்குப் பின்னால் தளபதி, வலப்புறம் குண்டு போடுபவர். பத்து சென்டிமீட்டர் வட்டத்துக்குள் இந்த மூவரையும் நடுவில் பீரங்கியின் பின்பகுதியையும் வைத்துப் பார்த்தால்தான் சோவியத் வடிவமைப்பாளர்கள் எதை விலை கொடுத்து எதை வாங்கினார்கள் என்பது புரிகிறது. எத்தனை புத்தக வரைபடம் பார்த்தாலும் இது கைக்கு வராது.

அந்தப் பீரங்கியின் பின்பகுதிதான் அறைக்கு நடுவிலிருக்கும் நகை. சுற்றிலும் கரடுமுரடு, இது மட்டும் துல்லியமாகக் கடைந்து, மேலும் கீழும் வழுக்கி மூடும் எஃகுக் கட்டையோடு பளபளக்கும். இங்கே ஆலை கஞ்சத்தனம் காட்ட முடியாது. குறிபார்க்கும் தொலைநோக்கியும் அப்படித்தான். 1942இல் அமெரிக்காவின் அபர்டீன் சோதனைக்களத்துக்கு ஒரு டி-34ஐ அனுப்பியிருந்தார்கள். அமெரிக்கப் பொறியாளர்கள் அதன் காற்று வடிகட்டியையும் கியர் அமைப்பையும் கடுமையாகக் குறை சொன்னார்கள், குறிநோக்கியை மெச்சினார்கள். ஆகவே மாடலில் மூடும் கட்டைக்கு மட்டும் உலோகச் சாயத்தின்மேல் பென்சில் கரியைப் பொடித்து விரலால் தேய்த்து எஃகின் மினுக்கத்தைக் கொடுப்பதும், குறிநோக்கியின் கண்ணாடியில் ஒரு துளி தெளிவான வார்னிஷ் வைப்பதும் அலங்காரம் ஆகாது. சுற்றியுள்ள சொரசொரப்பை நியாயப்படுத்துவதே இந்த இரண்டு மினுக்கங்கள்தான். எல்லாமே சொரசொரப்பாக இருந்தால் பார்ப்பவர் அதைக் கட்டியவரின் கைக்குறை என்றே நினைப்பார்.

கீழே தரை. எனக்கு இந்த டாங்கியில் மிகவும் பிடித்த பகுதி. டரட்டோடு சேர்ந்து சுழலும் தரை டி-34இல் கிடையாது. சுடுபவரும் தளபதியும் டரட்டில் தொங்கும் இருக்கைகளில் அதனோடு திரும்புவார்கள். குண்டு போடுபவர் நிற்பது குண்டுப் பெட்டிகளின் மூடிமேல். பெட்டிகளே தரை, மேலே ரப்பர் விரிப்பு. டரட் திரும்பினால் அவரும் கூடவே காலால் நடக்க வேண்டும். டரட்டில் மாட்டியிருக்கும் குண்டுகள் தீர்ந்தால் விரிப்பைச் சுருட்டி, காலடியிலிருக்கும் மூடியைத் திறந்து, ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள குண்டை ஓடும் வண்டியில் தூக்க வேண்டும். இதை உணர்ந்து கட்டியவர் ஒரு மூடியைத் திறந்துவைப்பார், விரிப்பின் ஓரத்தை மடித்துவிடுவார். கடையில் தனியாக விற்கும், லேத்தில் கடைந்த பித்தளைக் குண்டுகளில் இரண்டைத் திறந்த பெட்டியில் படுக்கவைத்து, ஓர் இடத்தைக் காலியாக விடுவார். பெட்டிக்கு அடியில், முன்னாலிருக்கும் ஓட்டுநரின் நெம்புகோல்களிலிருந்து வண்டியின் பின்கோடியிலுள்ள கியர் பெட்டிவரை நீண்ட கம்பிகள் தரையோடு ஓடுகின்றன. காலியான அந்த இடத்தின் வழியே ஒரு கம்பி தெரிந்தால் போதும், முழு டாங்கியும் ஓர் உடலாகிவிடும். இந்தக் கம்பிகள் பெரும்பாலும் மறைந்துதானே போகும், எதற்குப் போட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் போட வேண்டாம். கண் போகக்கூடிய பாதையில் இருப்பதைப் போட்டே ஆக வேண்டும்.

சாயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. துரு வேண்டாம். இன்று உட்புற மாடல்களில் பாதி, கைவிடப்பட்டு மழையில் நின்ற வண்டிபோல் ஆரஞ்சு வழிகின்றன. 1944இல் ஆலையை விட்டுப் போர்முனைக்குப் போன டாங்கிகளில் பலவற்றுக்குத் துருப்பிடிக்கும் அளவுக்கு ஆயுள் கிடைக்கவில்லை. அங்கே இருந்தது அழுக்கு. பூட்ஸ் கொண்டுவந்த சேறு, எண்ணெய்க் கறை, பீரங்கி மூடி திறந்ததும் உள்ளே புகும் வெடிமருந்துப் புகையின் கருமை. வெள்ளைச் சுவரில் தோள் உரசும் உயரத்தில் ஒரு பழுப்பு. ஏறி இறங்கும் மூடியின் ஓரத்தில் சாயம் போய்த் தெரியும் எஃகு. மூவர் உட்கார்ந்த அறையில் மூன்று உயரங்களில் அழுக்கு படிந்திருக்க வேண்டும் என்பதை யோசித்துச் செய்யும் கைகள் குறைவு.

அருங்காட்சியக டாங்கியைப் படம்பிடித்துவந்து அச்சு அசலாகக் கட்டுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. இன்று உலகெங்கும் நிற்கும் டி-34/85களில் நிறைய, 1950களில் போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் உரிமம் பெற்றுச் செய்தவை, அல்லது போருக்குப் பின் சோவியத் பணிமனைகளில் பிரித்துப் புதுப்பித்தவை. அமைதிக்காலத்தில் நேரம் இருந்தது. வெல்டிங் சுத்தம், வார்ப்பு சீர். அந்த உட்புறத்தைப் பார்த்துக் கட்டி, மேலே 1945 பெர்லின் என்று எண் எழுதினால் இரண்டு காலங்கள் ஒரே கூரையின் கீழ் சண்டைபோடும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களே இதற்குத் துணை.

பின்பகுதிக்கு வருவோம். வி-2 டீசல் என்ஜின்: 12 சிலிண்டர், 38.8 லிட்டர், 500 குதிரைத்திறன். அதன் உடல் அலுமினிய வார்ப்பு. எஃகுக் கூட்டுக்குள் வெளிறிய சாம்பல் வெள்ளியாக அது தனித்துத் தெரிய வேண்டும். சூட்டில் வெந்த புகைக்குழாய்களில் மட்டும் துருவுக்கு நான் சம்மதிப்பேன். டி-34இன் மேல்பக்கப் பின்தகடு கீழ்விளிம்பில் கீல் வைத்தது. போல்ட்டுகளைக் கழற்றினால் பின்னால் சாய்ந்து திறக்கும், கியர் பெட்டி கைக்கு எட்டும். மாடலில் மேல்மூடிகள் அத்தனையையும் திறந்துவைத்து வண்டியைக் கடைப்பெட்டியாக்குவதைவிட, டரட்டின் இரண்டு மூடிகளையும் இந்தப் பின்தகட்டையும் மட்டும் திறப்பதே என் விருப்பம். மேலே சண்டைபோட்டவர்களின் அறை தெரியும். பின்னால் மெக்கானிக்குகள் இரவெல்லாம் குனிந்து நின்ற இடம் தெரியும். கழற்றிய போல்ட்டுகளை ஒரு துணிமேல் வைத்து என்ஜின் மேல்தகட்டில் விட்டுவைக்கலாம். 1/16இல் அவற்றின் தலையிலுள்ள ஆறு பட்டைகளையும் எண்ண முடியும்.