புளோரன்ஸில் இரண்டு வாரம்

இத்தாலிய மொழிப் பள்ளிகளின் விளம்பரங்களைப் புரட்டினால் எல்லாவற்றிலும் ஒரே நாள்தான் திரும்பத் திரும்ப வரும். காலையில் வகுப்பு, மத்தியானம் சமையல் பாடம் அல்லது உஃபீத்ஸி ஓவியக்கூடம், சாயங்காலம் வகுப்புத் தோழர்களோடு ஒரு கோப்பை ஒயின். இரண்டு வாரம் இப்படி இருந்தால் மொழி வந்துவிடும் என்று எங்கும் அச்சடித்திருக்க மாட்டார்கள். ஆனால் வாசிப்பவர் மனதில் பதிவது அதுதான். பல்கலைக்கழகத்தில் சேரவோ வேலைக்காகவோ படிக்கும் இளைஞர்களை இங்கே விட்டுவிடுகிறேன். அவர்களுக்குத் தேர்வும் கெடுவும் இருக்கின்றன, எப்படியாவது படித்துவிடுவார்கள். நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல், ஓபராவோ சினிமாவோ பிடித்துப்போய், வேறு எந்த அவசியமும் இல்லாமல் இத்தாலியன் படிப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஒரு கட்டத்தில் வந்து நிற்கும் கேள்வி இது: அங்கேயே போய்ப் படித்தால் என்ன?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு எளிதில் வரக்கூடிய மொழிகளின் வரிசையில்தான் அது இத்தாலியனை வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட எளிய மொழிக்கே அவர்கள் ஒதுக்குவது ஏறத்தாழ 24 வாரம், சுமார் 600 வகுப்பு மணி. வீட்டுப்பாடம் தனி. அந்த அதிகாரிகளுக்குப் படிப்பதே வேலை, அதற்குச் சம்பளமும் உண்டு. சாதாரண மொழிப் பள்ளியில் வாரத்துக்கு 20 பாடம் என்றால் இரண்டு வாரத்தில் 40. மீதி 560 மணி நேரப் படிப்பைத் தெரு சொல்லிக்கொடுக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

தெரு சொல்லிக்கொடுக்கிறதா? பார்பரா ஃப்ரீட், நார்மன் செகலோவிட்ஸ், டேன் டூவி மூவரும் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. பிரெஞ்சு படித்த அமெரிக்க மாணவர்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள்: உள்ளூர் வகுப்பில் படித்தவர்கள், பிரான்ஸுக்கே போய்ப் படித்தவர்கள், பிரெஞ்சைத் தவிர வேறு பேச்சுக்கே இடமில்லாத கோடை முகாமில் அமெரிக்காவிலேயே இருந்து படித்தவர்கள். சரளமாகப் பேசுவதில் அதிகம் முன்னேறியவர்கள் முகாம்காரர்கள். பிரான்ஸுக்குப் போனவர்கள் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தார்கள். காரணம் மந்திரம் ஒன்றுமில்லை. பிரான்ஸுக்குப் போனவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலத்தைத்தான் அதிகம் பேசியிருந்தார்கள்.

புளோரன்ஸில் இன்னும் மோசம். சுற்றுலாவில் பிழைக்கும் ஊர் அது. காபிக் கடையில் நின்றபடி ஒரு காபி வாங்க நாலு சொல் போதும். ஐந்தாவது சொல்லில் நாம் தடுமாறினால் கடைக்காரர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. நமக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. வகுப்பில் ஒரு ஜெர்மன்காரர், ஒரு பிரேசில்காரி, இரண்டு ஜப்பானியர். இடைவேளையில் அவர்களுக்குள் எந்த மொழி ஓடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பள்ளிகளின் நடைமுறையிலேயே ஒரு கோளாறும் இருக்கிறது. பலவற்றில் எந்தத் திங்கட்கிழமையும் சேரலாம். கல்லாப்பெட்டிக்கு இது நல்லது, வகுப்புக்கு நல்லதல்ல. வெள்ளிக்கிழமைக்குள் ஒருவர் உச்சரிப்பு இன்னொருவருக்குப் பழகி, இறந்தகாலத்தில் துணைவினையாக ‘எஸ்ஸெரே’ எங்கே, ‘அவேரே’ எங்கே என்று விழிக்காமல் நேற்று நடந்ததைச் சொல்லும் அளவுக்கு ஒரு குழு தேறியிருக்கும். திங்கட்கிழமை அதில் இருவர் ஊருக்குப் போயிருப்பார்கள், மூவர் புதிதாக உட்கார்ந்திருப்பார்கள். மறுபடியும் பெயர், ஊர், தொழில், ஏன் இத்தாலியன் படிக்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்கும். ஆசிரியை சிரித்த முகத்தோடு அதே கேள்வியைக் கேட்பார். அவர் பொறுமைக்கே தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

வயதைப் பற்றிய பயத்தைச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பாதிதான் நிஜம். இலக்கணத்தை அந்த மொழிக்காரர்போலவே பிடித்துக்கொள்ளும் திறன் ஏறத்தாழ 17 வயதுக்குப் பின் குறைகிறது என்று 2018இல் ஹார்ட்ஷோர்ன், டெனன்பாம், பிங்கர் மூவரும் பெரிய அளவில் ஆராய்ந்து எழுதினார்கள். ஆனால் நெதர்லாந்தில் குடியேறிய ஆங்கிலம் பேசுவோரை 1978இல் ஆராய்ந்த ஸ்னோவும் ஹூஃப்னாகல் ஹூலேவும் கண்டது, முதல் சில மாதங்களில் பெரியவர்களும் வளரிளம் பிள்ளைகளும் சிறு குழந்தைகளை முந்துகிறார்கள் என்பது. பெரியவருக்கு விதியைச் சொன்னால் புரியும். தமிழ் வாசகருக்கு இதற்கு வெளிநாட்டு ஆய்வுகூட வேண்டாம். மாந்துவா அருகே பிறந்த ஓர் இத்தாலியர், இந்தியாவுக்குக் கப்பலில் வந்து சேர்ந்தபோது முப்பதை ஒட்டிய வயதினர், அதன் பிறகு தமிழ் படித்துத் ‘தேம்பாவணி’ பாடினார், ‘சதுரகராதி’ தொகுத்தார். ஆனால் வீரமாமுனிவர் ஊருக்குத் திரும்பவே இல்லை. அவர் எடுத்துக்கொண்ட அவகாசத்தை எந்தப் பள்ளியும் விற்க முடியாது.

அப்படியானால் போவதே வீணா? அதுவும் இல்லை. வகுப்பில் போடும் ஒலிப்பதிவுகளில் ஒருவர் பேசி முடித்த பிறகுதான் இன்னொருவர் வாயைத் திறப்பார். இத்தாலிய வீட்டில் இரவுச் சாப்பாட்டு மேசையில் நாலு பேர் ஒரே சமயத்தில் பேசுவார்கள், ஒருவர் வாக்கியத்தை அடுத்தவர் முடிப்பார். இதற்குக் காது பழக வேண்டுமானால் அந்த மேசையில் உட்கார்ந்தே ஆக வேண்டும். மரியாதைப் பேச்சும் அப்படித்தான். முன்பின் தெரியாதவரிடம் பேச வினைமுற்றே மாறும். நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்த நமக்கு இது புரியாததல்ல. ஆங்கிலம் வழியாகப் படிப்பதால்தான் நாமும் மறந்துவிடுகிறோம். ஆனால் எப்போது மரியாதையை விட்டு நெருக்கத்துக்கு மாறலாம், அதை யார் முதலில் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இரண்டு வரி, நேரில் ஒவ்வொரு நாளும் ஒரு சங்கடம். காதுக்கு இன்னொரு பழக்கமும் வேண்டும்: ஒற்று இரட்டிப்பதும் ஒற்றையாக வருவதும் பொருளை மாற்றும் மொழி அது. அந்த வேறுபாட்டைக் கேட்டறிவதில் தமிழ்க் காது ஆங்கிலக் காதைவிட ஒரு படி மேல் என்பது என் எண்ணம்.

கேள்வி, எப்போது போவது, போய் என்ன செய்வது என்பதுதான். இத்தாலியர்களிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. அலெஸாந்த்ரோ மன்சோனி மிலான்காரர். பேச்சுக்கு மிலான் வட்டாரமொழி, படித்தவர்களோடு பழகப் பிரெஞ்சு. தன் நாவல் ‘இ ப்ரொமெஸ்ஸி ஸ்போசி’ முதல் பதிப்பாக வெளிவந்த 1827இலேயே, தன் இத்தாலியன் புத்தக வாடை அடிக்கிறது என்று உணர்ந்து, குடும்பத்தோடு புளோரன்ஸுக்குப் போனார். வயது 42. இருந்தது சில வாரங்கள். திருத்திய பதிப்பு முடிந்து வெளிவந்தது 1842இல். நடுவில் இருந்த பெரும் உழைப்பு மிலானில் நடந்தது, எமிலியா லூத்தி என்ற புளோரன்ஸ்காரப் பெண்ணிடம் சொல் சொல்லாகக் கேட்டுச் சரிபார்த்து. தன் பேச்சில் என்ன குறை என்பதைப் புளோரன்ஸ் அவருக்குக் காட்டியது; குறையை நிரப்பியது பல வருட வீட்டு வேலை. அங்கே போகும்போதே ஒரு நாவல் எழுதும் அளவுக்கு அவருக்கு மொழி கையில் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் பெற்ற ஜும்பா லஹிரியின் கதையைப் பலரும் அரைகுறையாகத்தான் சொல்கிறார்கள். 2012இல் ரோமுக்குக் குடிபோனார், 2015இல் இத்தாலியனிலேயே ‘இன் அல்த்ரே பரோலே’ எழுதி வெளியிட்டார். மூன்றே வருடம்! அதற்கு முன் அமெரிக்காவில் இருந்தபடி ஏறத்தாழ இருபது வருடம் விட்டு விட்டுப் படித்ததும், கிளம்புவதற்குச் சில மாதங்கள் முன்பே ஆங்கில வாசிப்பை நிறுத்தியதும் அந்தக் கதையில் உதிர்ந்துபோகின்றன.

வகுப்பையே பார்க்காமல் இத்தாலியன் பேசும் தமிழர்கள் பலெர்மோவில் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து எண்பதுகள் தொடங்கிப் போனவர்கள், பலர் வீட்டு வேலைக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கும். எண்பது வயதுப் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. தாவிப் போக வேறு மொழியே இல்லை. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், மகன் எத்தனை மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான், உப்பு ஏன் குறைந்தது என்ற சண்டை, எல்லாம் இத்தாலியனில், பாதி சிசிலி வட்டாரமொழியில். நாம் பேசவில்லை என்றால் எதிரில் இருப்பவருக்கு நஷ்டம் என்ற இந்த நிலை புளோரன்ஸ் வகுப்பில் ஒருபோதும் வராது. அங்கே நாம் வாடிக்கையாளர், நம் மௌனத்தையும் உபசரிப்பார்கள்.

இதை ரொம்பவும் புகழ்ந்துவிடவும் கூடாது. பசியும் பயமும் கற்பித்த மொழி அது. சமையலறையில் தடையில்லாமல் ஓடும் பேச்சு, நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தால் நின்றுவிடலாம். அதை வாசிக்கப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கும். இத்தாலியக் குடியுரிமைக்கு 2018 முதல் பி1 என்ற இடைநிலை மொழிச் சான்றிதழ் கேட்கிறார்கள். வாழ்நாளெல்லாம் இத்தாலியனில் வேலை செய்தவரும் அதற்காக இலக்கணப் புத்தகத்தோடு உட்கார வேண்டி வரலாம். முறையான வகுப்பின் மதிப்பு அங்கேதான் தெரிகிறது.

ஆகவே தொடக்க நிலையில் விமானம் ஏறுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஏ1, ஏ2 பாடங்களை ஊரிலேயே, ஓர் ஆசிரியரை வைத்து இணையத்தில் முடித்துவிடலாம். செலவு மிகக் குறைவு. பி1 தொட்டபின் போகலாம், அதுவும் புளோரன்ஸ் வேண்டாம். பெரூஜியாவிலும் சியேனாவிலும் வெளிநாட்டவருக்கென்றே அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மாதக்கணக்கில் நடக்கும் படிப்புகள். அங்கே சேர்ந்தாலும் தனி அறை எடுக்காமல் ஒரு குடும்பத்தோடு தங்குவது நல்லது. 90 நாளைத் தாண்டினால் படிப்பு விசா வேண்டும். போய் இறங்கி எட்டு வேலைநாளுக்குள் வசிப்பு அனுமதிக்குத் தபால் நிலையத்தில் விண்ணப்பம் போட வேண்டும். இந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பலர் இரண்டு வாரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஓய்வு பெற்றவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, விளம்பரங்களில் வராதது. 1975இல் தூரினில் தொடங்கிய முதியோர் பல்கலைக்கழகம் இன்று இத்தாலியில் பல ஊர்களில் நடக்கிறது. அதில் கலை வரலாறு, தாவரவியல், சேர்ந்திசை என்று படிப்பவர்கள் உள்ளூர்த் தாத்தா பாட்டிகள். யாரும் இத்தாலியன் கற்க வருவதில்லை, யாரும் நமக்காக மெதுவாகப் பேசப்போவதும் இல்லை. வகுப்புகள் இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தம் வரை போகும். காலையில் வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகம், வாரத்தில் இரண்டு மாலை இந்தக் கிழவர்களோடு சேர்ந்திசை என்று ஒருவர் ஏற்பாடு செய்துகொண்டால், உஃபீத்ஸியை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.