வேல் முதலில், எண்ணெய் பிறகு: புறநானூறு 279

புறநானூற்றின் 279ஆம் பாடலைப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர். 11 அடிகளே கொண்ட சிறிய பாடல் இது. திணை வாகை, துறை மூதின் முல்லை. இவர் பாடியனவாகச் சங்க இலக்கியத்தில் 8 பாடல்கள் உள்ளன. குறுந்தொகையில் 5, அகநானூற்றில் 2. புறப்பாடல் இது ஒன்றுதான்.

பாடலின் செய்தி

ஒரு பெண்ணைப் பார்த்து வியந்து மற்றொருவர் பேசுகிறார். முன்பு நடந்த போரில் இவளுடைய 'தன்னை' ஒரு யானையை வீழ்த்திவிட்டுக் களத்தில் இறந்தான். (இச்சொல்லுக்குத் தந்தை என்றும் தமையன் என்றும் பொருள் கொள்வர்.) நேற்று நடந்த போரில் இவள் கணவன் ஆநிரையைக் காத்து மாண்டான். இன்றும் போர்ப்பறை கேட்கிறது. இவளோ தன் ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்து, வெள்ளாடை உடுத்தி, பறந்து கிடக்கும் குடுமியில் எண்ணெய் தடவிப் போர்முனைக்கு அனுப்புகிறாள்.

வழக்கமான விளக்கம்

பள்ளிகளில் இப்பாடலை 'வீரத்தாய்' என்ற தலைப்பில் நடத்துவோம். நானும் பல ஆண்டுகள் அப்படியே நடத்தினேன். தேர்வில் அதையே எழுதி மாணவர்கள் மதிப்பெண் பெற்றார்கள். அது தவறான விளக்கம் அன்று. மூதின் முல்லை என்னும் துறையே மறக்குடி மகளிரின் வீரத்தைக் கூறுவதுதான். ஆனால் திணை, துறைக் குறிப்புகள் புலவர் எழுதியவை அல்ல. பின்னர் வந்தவர்கள் வகுத்தவை. புறநானூற்றின் பழைய உரையும் 266ஆம் பாடலோடு நின்றுவிடுகிறது. ஆகவே இப்பாடலின் சொற்களை நாமே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியுள்ளது.

சொற்களைக் கவனித்தால்

முதலாவது, 'இன்றும்' என்ற சொல். அன்றும் நேற்றும் நடந்தது இன்றும் நடக்கிறது என்பதை அந்த 'உம்' உணர்த்துகிறது. ஏழாம் அடியில் நான்கு சீர்களுக்கு முன்னே இச்சொல் தனித்து நிற்கிறது. நாளை என்ன ஆகும் என்று பாடல் சொல்லவில்லை. சொல்லாமலே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது, 'மயங்கி'. பறையொலி கேட்டு அவள் விருப்பமுற்றாள் என்று சொன்ன புலவர் அதோடு நிறுத்தவில்லை. மயங்கினாள் என்றும் சேர்க்கிறார். வீரத்தை மட்டும் சொல்வது நோக்கமானால் இந்தச் சொல் தேவையில்லை.

மூன்றாவது, செயல்களின் வரிசை. வெளியூருக்கோ பள்ளிக்கோ பிள்ளையை அனுப்பும் தாய் என்ன செய்வாள்? மேச்சேரி வீடுகளில் இன்றும் பார்க்கலாம். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, சட்டை போட்டுவிட்டு, கடைசியாகத்தான் பையைக் கையில் கொடுப்பாள். பாடலில் இது தலைகீழாக இருக்கிறது. வேல் முதலில், ஆடை அடுத்து, எண்ணெய் கடைசியில். பாட்டின் வரிசை காலவரிசையாக இருக்க வேண்டியதில்லை என்று ஒருவர் மறுக்கலாம். ஆனால் முந்திய அடியில் 'மயங்கி' என்ற சொல் இருப்பதால், அந்த மயக்கமே இந்த முறைமாற்றத்தில் தெரிகிறது என்று கொள்ளலாம்.

நான்காவது, யாப்பு. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி மூன்று சீர்களே பெறும். இப்பாடலில் குறைந்து நிற்கும் அந்த அடியில்தான், ஒரு மகனைத் தவிர வேறு எவரும் இல்லாதவள் என்ற செய்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதுவரை அவள் துணிவை வியந்துகொண்டிருந்த நாம் அந்த அடியில் திடுக்கிடுகிறோம்.

நடுகல்லும் பாடலும்

தருமபுரி மாவட்டத்திலும் செங்கம் பகுதியிலும் ஆநிரைப் போரில் இறந்தவர்களுக்கு எடுத்த நடுகற்கள் பல உள்ளன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமி நடுகல்லும் ஆகோள் பூசலைக் குறிப்பிடுகிறது. எழுத்துள்ள நடுகல் இறந்தவனின் பெயரைச் சொல்லும். பல கற்கள் அரசனின் ஆட்சியாண்டையும் சொல்லும். வீட்டில் எஞ்சியவளைப் பற்றிப் பெரும்பாலும் சொல்வதில்லை.

மாசாத்தியார் செய்தது இதற்கு நேர்மாறானது. இப்பாடலில் அரசன் பெயர் இல்லை. வீரர் பெயர் இல்லை. போரின் காரணமும் இல்லை. எஞ்சியவளும் அவள் கையிலிருந்த எண்ணெயும் மட்டுமே இருக்கின்றன.

மாணவர்களுக்கு

இது போரைப் போற்றும் பாடலா, பழிக்கும் பாடலா என்று கேட்டால் ஒரு பக்கம் சாய்ந்து விடை சொல்வது எளிது. பேசுபவர் அவளது துணிவை மெய்யாகவே மதிக்கிறார். அதே சமயம் 'கெடுக' என்று பதறித்தான் பேச்சைத் தொடங்குகிறார். அந்த இரண்டையும் சேர்த்து எழுதும் விடையே இப்பாடலுக்கு உரிய விடை. தேர்வுக்குப் படிப்பவர்கள் 'வீரத்தாய்' என்று எழுதுங்கள். எழுதிவிட்டு, அந்தச் சிறுவனுக்கு என்ன வயது இருக்கும் என்றும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தானே தலை வாரிக்கொள்ளும் வயதாக எனக்குத் தோன்றவில்லை.